‘நல்லாத்தான் இருக்கேன்மா!’ - ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் மாணவர்களை உண்மையில் தடுமாற வைப்பது எது?

அக்டோபர் மாதம், ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் தரையிறங்கி இரண்டாவது நாள். மதுரைப் பக்கம் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு முதுகலை படிக்கப் போன மாணவர் ஒருவர் அரிசி வாங்கக் கிளம்புகிறார். முதல் சூப்பர் மார்க்கெட் பூட்டியிருக்கிறது. இரண்டாவதும் பூட்டியிருக்கிறது. தெருவில் ஆளே இல்லை. ஏதாவது பந்த்தா? யாரைக் கேட்பது?

அன்று இரவு ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். போனில் அம்மா கேட்கிறார்: "சாப்டியாப்பா?" பதில் வருகிறது: "சாப்டேன்மா. நல்லாத்தான் இருக்கேன்."

இது யாரோ ஒருவரின் தனிக்கதை அல்ல; பலருக்கும் நடப்பதை விளக்க எடுத்துக்கொண்ட ஓர் உதாரணம். வெளிநாட்டுப் படிப்பு என்றதும் கட்டணம், விசா, வேலை பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். போய் இறங்கிய பிறகு ஒரு மாணவரை எது தடுமாற வைக்கிறது, எது தாங்கிப் பிடிக்கிறது என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. அதை விளக்குகிறது இந்தக் கட்டுரை.

ஏன் ஜெர்மனி?

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இப்போது முதலிடம் இந்தியர்களுக்குத்தான். 2022-23 குளிர்கால செமஸ்டரில் சீன மாணவர்களைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தார்கள். 2023-24 குளிர்கால செமஸ்டரில் அந்த எண்ணிக்கை சுமார் 49 ஆயிரம்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை மட்டும் கட்டினால் போதும். விதிவிலக்குகளும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 முதல் இப்படிக் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது.

'கட்டணம் இல்லை' என்றால் 'செலவு இல்லை' என்று அர்த்தமில்லை. விசாவுக்கு முன்பே ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கு எனப்படும் 'பிளாக்டு அக்கவுன்ட்'டில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் இந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. நம் பணத்தில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். 2022 நவம்பர் முதல், இந்தியாவில் படித்தவர்கள் தங்கள் சான்றிதழ்களை 'ஏபிஎஸ்' அமைப்பிடம் சரிபார்த்து வாங்குவதும் கட்டாயம்.

பல வீடுகளில் இந்தப் பணம் கல்விக் கடனாகவோ, அடகு வைத்த நகையாகவோதான் வருகிறது. "இங்க கஷ்டமா இருக்கு" என்று மாணவர்களால் வாய் திறந்து சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

'கல்ச்சர் ஷாக்' என்றால் என்ன?

பழகாத ஊரில் ஏற்படும் இந்தத் தடுமாற்றத்துக்கு 'கல்ச்சர் ஷாக்' என்று பெயர். கனடாவில் பிறந்த மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1954-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரைதான் இந்தச் சொல்லைப் பரவலாக்கியது. அவர் சொன்னதன் சாரம் இது: ஊரில் நாம் யோசிக்காமலே பயன்படுத்தும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன அடையாளங்கள் உண்டு. எப்போது சிரிப்பது, எப்போது கை கொடுப்பது, யார் சொல்வதை நிஜமாக எடுத்துக்கொள்வது போன்றவை. புதிய ஊரில் இவையெல்லாம் ஒரே நேரத்தில் காணாமல் போகின்றன. மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்டது போலத்தான்.

மறு ஆண்டு, 1955-ல், நார்வேயைச் சேர்ந்த ஸ்வெர்ரே லிஸ்கோர் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்து 'யு' வளைவு என்ற கருத்தை முன்வைத்தார். முதலில் உற்சாகம், பிறகு சரிவு, கடைசியில் மெல்ல ஏற்றம். இன்றும் பல பல்கலைக்கழகங்களின் வரவேற்பு நிகழ்ச்சிகளில் இந்த வளைவைத்தான் படம் போட்டுக் காட்டுகிறார்கள்.

ஆனால் எல்லோருக்கும் இது பொருந்துவதில்லை. காலீன் வார்டும் உடன் பணியாற்றியவர்களும் நியூசிலாந்தில் படித்த ஜப்பானிய மாணவர்களை ஆராய்ந்து 1998-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வந்து இறங்கிய ஆரம்ப நாட்களில்தான் சிரமம் அதிகம், உற்சாகக் காலம் என்று தனியாக ஒன்று தெரியவில்லை என்பது அதில் தெரியவந்தது.

இதில் மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். "எல்லாரும் முதல் மாசம் ஜாலியா இருக்காங்க, எனக்கு மட்டும்தான் அழுகை வருது" என்று நினைக்க வேண்டியதில்லை. முதல் வாரமே கஷ்டமாக இருப்பதும் சகஜம்தான்.

முதல் வாரம்: எல்லாமே கடிதத்தில்தான்

ஜெர்மனியில் வாடகைக்குக் குடியேறினால், இரண்டு வாரத்துக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு 'அன்மெல்டுங்' என்று பெயர். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று வேண்டும். இந்தப் பதிவு இல்லாமல் பல வேலைகள் நகராது. வரி எண் வருவது இதற்குப் பிறகுதான்.

வரி எண், வங்கி அட்டை, அதற்கான ரகசிய எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை என்று பலவும் தபாலில் வருகின்றன. இங்கேதான் ஒரு சின்ன விஷயம் பெரிய தலைவலியாகிறது. கட்டடத்தின் தபால் பெட்டியில் பெயர் ஒட்டியிருந்தால்தான் தபால்காரர் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லையென்றால் திரும்பிப் போய்விடும்.

சரி, எந்தப் பெயரை ஒட்டுவது? தமிழ் மாணவர்களுக்கு இதுவே ஒரு குழப்பம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். ஆனால் பாஸ்போர்ட்டில் பலருக்கும் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அதனால் தபால் பெட்டியிலும் அப்பா பெயர், வங்கியிலும் அப்பா பெயர். பேராசிரியரும் மரியாதையாக அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிடுவார். முதல் சில நாட்கள், அப்பா பின்னால் வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் உண்டு. வீட்டில் டிவி இல்லையென்றாலும் கட்ட வேண்டும். இதற்கான கடிதத்தை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு பாக்கியோடு சேர்த்துக் கட்டுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. பலர் சேர்ந்து தங்கும் வீடு என்றால் ஒரு கட்டணம் போதும், பங்கு போட்டுக்கொள்ளலாம்.

புரியாத ஜெர்மன் கடிதம் எதுவாக இருந்தாலும் தூக்கிப் போடக் கூடாது. மொழிபெயர்ப்புச் செயலியில் ஒருமுறை படம் பிடித்துப் பார்த்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஏன் இவ்வளவு அமைதி?

ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வு நாள். அதற்கு அரசியல் சாசனப் பாதுகாப்பே உண்டு. பெரும்பாலான கடைகள் திறக்காது. பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகள், பெட்ரோல் பங்க், சில பேக்கரிகள் மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம். ஞாயிறு முழுவதும் அப்படியே. அந்த நேரத்தில் சுவரில் ஆணி அடிப்பது, சத்தமாகப் பாட்டு வைப்பது, மிக்சியில் சட்னி அரைப்பது எல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவு. அவர் வந்து கதவைத் தட்டிச் சொல்லலாம். கட்டட நிர்வாகத்துக்கு நேராகக் கடிதம் எழுதவும் செய்யலாம். காலி கண்ணாடிப் பாட்டில்களைத் தெருவில் உள்ள தொட்டியில் போடுவதற்குக்கூட நேரக் கட்டுப்பாடு இருக்கிறது.

குப்பையும் அப்படித்தான். காகிதம் தனி, பிளாஸ்டிக் உறை தனி, காய்கறிக் கழிவு தனி, மற்றவை தனி. தண்ணீர் பாட்டில் வாங்கும்போது 25 சென்ட் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். இதற்கு 'ஃபாண்ட்' என்று பெயர். மாதக் கடைசியில் சேர்த்து வைத்த பாட்டில்களைப் போட்டு அன்றைய பால், பிரெட் வாங்காத மாணவர்கள் குறைவு.

மெட்ரோ நிலையங்களில் தடுப்புக் கதவு இருக்காது. நேராக உள்ளே போகலாம். டிக்கெட் வேண்டாம் என்பதல்ல அதன் பொருள், 'நீங்கள் எடுத்திருப்பீர்கள்' என்ற நம்பிக்கை. பரிசோதகர் வரும்போது இல்லையென்றால் 60 யூரோ அபராதம். சில ஊர்களில் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. இயந்திரத்தில் முத்திரையும் குத்த வேண்டும். "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் பெரும்பாலும் எடுபடாது.

'யாருமே பேசமாட்டேங்கிறாங்க': உண்மையா?

வெளிநாட்டு மாணவர்களிடம் அதிகம் கேட்கும் புலம்பல் இது. பக்கத்து அறைக்காரர் 'ஹலோ' சொல்கிறார், அதோடு சரி. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பாடம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்தாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டால் மனது உடைந்துவிடும். உண்மை கொஞ்சம் வேறு.

நம்மூரில் அன்பு என்பது கேட்காமல் வருவது. ஹாஸ்டலில் ஒருவன் சாப்பிட வரவில்லையென்றால், "என்னடா ஆச்சு?" என்று பக்கத்து அறையிலிருந்து ஒருவன் தட்டோடு வந்துவிடுவான். மாமாவிடம் உதவி கேட்க வேண்டியதில்லை, மாமாவுக்கே தெரிந்துவிடும். ஜெர்மனியில் மரியாதை என்பது அடுத்தவர் விஷயத்தில் தலையிடாமல் இருப்பது. ஒருவர் கதவைச் சாத்தியிருந்தால், அவர் தனியாக இருக்க விரும்புகிறார் என்று அர்த்தம். கேட்காமல் உதவப் போவது சிலருக்கு அத்துமீறலாகக்கூடப் படலாம்.

அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976-ல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். சில சமூகங்களில் சொல்லாமல் விட்டதிலேயே பாதிப் பொருள் இருக்கும். முகக்குறிப்பு, உறவு, சூழல் ஆகியவை மீதியைச் சொல்லும். வேறு சில சமூகங்களில் வாயால் சொன்னது மட்டும்தான் பொருள். ஜெர்மனியை அவர் இரண்டாவது வகையில் வைத்தார்.

அதனால் நம் மாணவர் யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருக்கிறார். அவர்களோ, தேவைப்பட்டால் இவரே கேட்பார் என்று காத்திருக்கிறார்கள். இரண்டு பேர் மேலும் தவறில்லை. ஆனால் நஷ்டம் புதிதாக வந்தவருக்குத்தான்.

கேட்டுப் பார்த்தால் நிலைமை மாறும். "இந்தக் கடிதம் என்னன்னு சொல்ல முடியுமா?" என்று பக்கத்து அறைக்காரரிடம் நீட்டினால், உட்கார்ந்து வரி வரியாக விளக்குபவர்கள் நிறைய பேர். அழைப்பும் அப்படித்தான். "டீ சாப்பிடுறீங்களா?" என்று அவர்கள் ஒருமுறைதான் கேட்பார்கள். நம் வழக்கப்படி முதலில் "இல்ல, பரவால்ல" என்றால், டீ வராது. வேண்டுமென்றால் உடனே 'வேண்டும்' என்று சொல்லிவிட வேண்டும்.

பேச்சில் இன்னொன்று. ஜெர்மன் மொழியிலும் நம்மைப் போலவே 'நீங்கள்', 'நீ' இரண்டும் உண்டு. 'ஸீ' என்றால் நீங்கள், 'டூ' என்றால் நீ. பேராசிரியர், அலுவலர், கடைக்காரர் எல்லோருக்கும் 'ஸீ'. ஆனால் மாணவர்களுக்குள் வயது வித்தியாசமே இல்லாமல் 'டூ'தான். ஐந்து வயது மூத்தவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்; அண்ணா, அக்கா கிடையாது. முதலில் நாக்கு கூசும், பிறகு பழகிவிடும்.

வகுப்பறை: 1.3 வாங்கினால் அழுவதா, சிரிப்பதா?

கால அட்டவணையில் 10 மணி என்று போட்டுப் பக்கத்தில் 'சி.டி.' என்று இருந்தால், வகுப்பு 10.15-க்குத்தான் தொடங்கும். இது 'கல்விக் கால்மணி' என்ற பழைய வழக்கம். 'எஸ்.டி.' என்றிருந்தால் சரியாக 10 மணிக்கே. பாடம் முடிந்ததும் மாணவர்கள் மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். கோபம் அல்ல, கைத்தட்டலுக்குப் பதிலாகத்தான் இது.

வருகைப் பதிவு பல பாடங்களில் கிடையாது. "ஏன் கிளாசுக்கு வரல?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். பேராசிரியரைப் பார்க்க அவருக்கென்று குறித்த நேரம் உண்டு. முன்பே மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போக வேண்டும். அவர் சொல்வது தவறு என்று தோன்றினால் காரணத்தோடு சொல்லலாம். அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. வாயே திறக்காமல் இருந்தால்தான் 'இவருக்கு ஆர்வமில்லையோ' என்று நினைப்பார்கள்.

மதிப்பெண் முறையோ தலைகீழ். 1.0 தான் மிக உயர்ந்தது. 4.0 என்பது தேர்ச்சிக்கான கடைசி எல்லை. 5.0 என்றால் தோல்வி. "அம்மா, 1.3 வாங்கிட்டேன்!" என்று குதித்தால், "என்னடா இவ்ளோ கம்மியா?" என்று மறுமுனையில் பதற்றம்தான் கேட்கும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இங்கே 'அரியர்' கிடையாது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால், அது இதுவாக இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு 'அரியர்' என்பது பழகிய சொல். ஒரு பேப்பர் போனால் அடுத்த செமஸ்டரில் எழுதலாம், அதிலும் போனால் அதற்கடுத்து. ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வுக்கு மொத்தம் மூன்று வாய்ப்புகள்தான். எத்தனை என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், படிப்புக்குப் படிப்பு மாறும். கட்டாயப் பாடம் ஒன்றில் கடைசி வாய்ப்பிலும் தோற்றால் 'இறுதியாகத் தேர்ச்சி பெறவில்லை' என்று பதிவாகிவிடும். அந்தப் படிப்பு அதோடு முடிந்தது. அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பொதுவாக முடியாது.

குடியிருப்பு அனுமதியும் படிப்போடு கட்டப்பட்டது. படிப்பு போனால் அதற்கும் சிக்கல். ஊரில் கடன் அப்படியே இருக்கும்.

சில மாணவர்கள் இங்கே விழுவதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல, விதி தெரியாததுதான். பல பாடங்களில் இன்டெர்னல் மார்க் கிடையாது. செமஸ்டர் முடிவில் ஒரே தேர்வு, அதுவே எல்லாம். தேர்வு எழுதத் தனியாக ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். கடைசித் தேதி தாண்டினால் எழுத முடியாது. பதிவு செய்துவிட்டுக் காரணமில்லாமல் போகாவிட்டால், பெரும்பாலும் ஒரு வாய்ப்பு போனதாகவே கணக்கு. உடம்பு சரியில்லையென்றால் மருத்துவரிடம் சான்று வாங்கி, உடனே தேர்வு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

முதல் முறை தோற்றால் என்ன செய்வது? திருத்திய விடைத்தாளைப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு. அதற்கென்று ஒரு நாள் அறிவிப்பார்கள். எங்கே மார்க் போனது என்று அன்று நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு துறையிலும் படிப்பு ஆலோசகர் ஒருவர் இருப்பார். மூன்றாவது முறைக்கு முன்பு அல்ல, முதல் தோல்விக்குப் பிறகே அவரைப் பார்க்க வேண்டும். வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால், யாரும் வந்து தட்டப் போவதில்லை.

பணமும் பகுதி நேர வேலையும்

2024 மார்ச் முதல், வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்திலேயே உதவியாளராகச் செய்யும் வேலைக்குத் தனி விதி. சொந்தமாகத் தொழில் செய்வதற்கோ, ஃப்ரீலான்ஸ் செய்வதற்கோ தனி அனுமதி வேண்டும். 'ரைடர்' வேலை என்று சொல்லி, ஊழியராகச் சேர்க்காமல் சுயதொழில் ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்டால் கவனம் தேவை. விதியை மீறியதாகப் பதிவானால் பாதிப்பு மாணவருக்குத்தான்.

வேலை தேவைதான். ஆனால் இரவு கிடங்கில் மூட்டை பிரித்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்கினால், போவது மேலே சொன்ன மூன்று வாய்ப்புகளில் ஒன்று. முதல் செமஸ்டரில் வேலையைக் குறைத்துக்கொள்வது நீண்ட கணக்கில் லாபம்.

நான்கு மணிக்கே இருட்டு

டிசம்பரில் சென்னையில்கூட 11 மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு. அதே நாட்களில் பெர்லினில் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மேகம் கவிந்திருந்தால் அந்த வெளிச்சமும் இல்லை.

குளிருக்கு ஜாக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இருட்டுக்கு யாரும் தயாராவதில்லை. வெயிலிலேயே வளர்ந்த உடம்புக்கு இது நிஜமான மாற்றம். தூக்கம் கெடும், சோம்பல் வரும், எதிலும் பிடிப்பில்லாமல் போகும். பகலில் கொஞ்ச நேரமாவது வெளியே நடப்பது, வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேட்பது, அறையிலேயே அடைந்து கிடக்காமல் நூலகத்தில் உட்கார்ந்து படிப்பது போன்றவை உதவும்.

வீட்டு ஏக்கத்துக்கு ஜெர்மன் மொழியில் 'ஹைம்வே' என்று ஒரு சொல் உண்டு. பிரித்தால் 'வீட்டு வலி'. வலி என்றே அவர்களும் சொல்கிறார்கள். அது இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து, சாப்பாடும் தூக்கமும் படிப்பும் கெட ஆரம்பித்தால், 'சரியாயிடும்' என்று விடக் கூடாது.

யாரிடம் கேட்பது?

* பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகம்: விசா, பதிவு, வரவேற்பு உதவி. புதிய மாணவருக்கு மூத்த மாணவரைத் துணையாகத் தரும் 'படி' திட்டம் பல இடங்களில் உண்டு. பெயர் கொடுத்தால்தான் கிடைக்கும்.
* மாணவர் நல அமைப்பு: 'ஸ்டுடீரெண்டன்வெர்க்' என்பது இதன் பெயர். விடுதி, 'மென்சா' எனும் மாணவர் உணவகம் ஆகியவற்றை நடத்துவதும் இவர்கள்தான். மனநல ஆலோசனையும் தருகிறார்கள். பல ஊர்களில் ஆங்கிலத்திலும் உண்டு.
* அவசரம்: ஆம்புலன்ஸ், தீயணைப்புக்கு 112. இரவிலோ விடுமுறையிலோ, உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்கு மருத்துவர் தேவைப்பட்டால் 116117.
* மனம் விட்டுப் பேச: 0800 1110111. இலவசம், 24 மணி நேரமும் உண்டு. பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் சேரவே முடியாது. அதாவது, மாதாமாதம் பணம் கட்டத்தான் செய்கிறார்கள். அதனால் மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டியதில்லை.

தமிழ் பேச ஆள் உண்டா?

உண்டு. 1983-க்குப் பிறகு இலங்கையில் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்கள் ஜெர்மனியில் பல நகரங்களில் வாழ்கிறார்கள். ஹாம் நகரில் அவர்கள் எழுப்பி, 2002-ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில், ஐரோப்பாவின் பெரிய இந்துக் கோயில்களில் ஒன்று. அதன் தேர்த்திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். பெரிய நகரங்களில் அவர்கள் நடத்தும் கடைகளில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் கிடைக்கும். "தம்பி எந்த ஊர்?" என்று கேட்காமலே வந்து பேசும் ஒரே இடம் பலருக்கும் அந்தக் கடைதான்.

நம் ஆட்களோடு சேர்ந்து சமைப்பதும் சிரிப்பதும் பெரிய பலம். ஆனால் அதற்குள்ளேயே இரண்டு ஆண்டுகள் முடிந்துவிட்டால், மொழி வராது. படிப்பு ஆங்கிலத்தில் இருக்கலாம்; வீட்டு உரிமையாளர், அலுவலகம், வேலைக்கான நேர்காணல் பெரும்பாலும் ஜெர்மனில்தான். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கும். அந்த நேரத்தில் மொழி கற்க ஆரம்பித்தால் தாமதம்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

குளிர்காலத்தில் ஜெர்மனி நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். கோடையில் மூன்றரை மணி நேரம். நம்மூரில் காலை 7 மணிக்கு அழைத்தால் அங்கே நள்ளிரவு இரண்டரை. நம்மூரில் இரவு 9 மணி என்றால் அங்கே மாலை நாலரை.

"நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். கடனும் வீட்டு எதிர்பார்ப்பும் அந்தப் பதிலைச் சொல்ல வைக்கும். அதற்குப் பதிலாக, "இன்னைக்கு யார்கூட பேசுன?", "என்ன சமைச்ச?", "எந்தப் பாடம் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுப் பார்க்கலாம். "ஃபெயில் ஆனாலும் முதல்ல எங்கக்கிட்ட சொல்லு, திட்ட மாட்டோம்" என்று போகும் முன்பே சொல்லி அனுப்புவது பெரிய பாதுகாப்பு. முதல் தோல்வியைச் சொல்ல முடிந்தவருக்கு மூன்றாவது தோல்வி வராமல் தடுத்துக்கொள்ள நேரம் இருக்கிறது.

திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. 1963-ல் கல்லாஹார்ன் தம்பதி 'யு' வளைவை நீட்டி 'டபிள்யு' வளைவு என்றார்கள். ஊர் திரும்பிய பிறகும் அதே போல ஒரு சரிவு வரும் என்பதுதான் அதன் பொருள். விடுமுறைக்கு வந்தவருக்கு ஹாரன் சத்தம் காதை அடைக்கும். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன நண்பன் பதினொன்றரைக்கு வந்தால் கோபம் வரும். "வெளிநாடு போய் மாறிட்டான்" என்று உறவினர்கள் சொல்வார்கள். மாறித்தான் இருப்பார், அதில் தவறில்லை.

தொடக்கத்தில் சொன்ன மாணவருக்கே வருவோம். அடுத்த அக்டோபரில் அவர் சனிக்கிழமையே அரிசி வாங்கி வைத்துவிடுவார். அதே விடுதியில், அதே ஞாயிற்றுக்கிழமையில், பூட்டிய கடைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த புதிய மாணவர் ஒருவர் பக்கத்து அறையில் இருப்பார். அவர் கேட்க மாட்டார். கேட்க வேண்டும் என்று அவருக்கு இன்னும் தெரியாது. அந்தக் கதவை நம்மூர் வழக்கப்படி கேட்காமலே போய்த் தட்டி, "சாப்டியா?" என்று விசாரிக்கலாம். அடுத்த முறை தயங்காமல் நீயே கேள் என்று சொல்லியும் கொடுக்கலாம்.